கையால் கற்ற கல்வி: உயிரியல் அறிஞர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்

நம் சமுதாயத்து மாணவர் ஒருவர் கல்லூரியின் முதலாண்டு அறிவியல் வகுப்பிற்குள் அடியெடுத்து வைக்கும்போது, அவரை முதலில் மருட்டுவது பாடநூல் அன்று, ஆய்வுக்கூடமே ஆகும். ஊர்ப் பள்ளியில் நுண்ணோக்கியைப் படத்தில் மட்டுமே கண்ட பிள்ளை, அது எதிரில் நிற்கும்போது, உடைத்துவிடுவோமோ என்று அஞ்சிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கின்றது. முன்னே நிற்பவர் தவளையை அறுத்துப் பார்க்கிறார். பின்னே நிற்பவர் அவர் வரைந்த படத்தைப் பார்த்துத் தம் செய்முறைப் பதிவேட்டில் வரைந்துகொள்கிறார். ஆண்டின் முடிவில் இருவரும் தேர்ச்சி பெற்றுவிடுகின்றனர். ஆயினும் ஒருவருக்கே அறிவியல் வாய்த்தது. மற்றவருக்கு அறிவியலின் நகலே வாய்த்தது. இவ்வேறுபாடு மதிப்பெண் பட்டியலில் தெரியாது, வாழ்க்கையில் தெரியும்.

தலைமுறை தலைமுறையாக எதையும் தொடாதே என்று விலக்கி வைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு, தொட்டுப் பார்த்தே கற்க வேண்டிய இக்கல்வி தனிப் பொருள் உடையது. ஆதலின், இவ்வெள்ளி விழா மலரில், அத்தகைய கல்வியால் உயர்ந்து உலகப் புகழ் பெற்ற கறுப்பின அறிஞர் ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்முன் வைக்க விழைகின்றோம். அவர் பெயர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்.

பிறப்பும் அன்னையும்

ஜஸ்ட் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், அமெரிக்க நாட்டின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ்டன் துறைமுக நகரில் பிறந்தார். அந்நாட்டில் அடிமை முறை ஒழிந்து அப்போது இருபது ஆண்டுகளும் நிறையவில்லை. சட்டம் விலங்கை அகற்றியதேயன்றி, சமுதாயம் அகற்றவில்லை. கறுப்பு மக்களுக்குத் தனிப் பள்ளி, தனிக் குடியிருப்பு என்னும் நிலையே எங்கும் நிலவியது. துறைமுகத்தில் கப்பல்துறை கட்டும் தொழில் செய்து வந்த தந்தையார், மகனுக்கு நான்கு வயது ஆகும்போதே மறைந்தார்.

குடும்பத்தைத் தாங்கியவர் அன்னை மேரி. அவர் பள்ளி ஆசிரியை. ஆசிரியப் பணியின் ஊதியம் போதாமையால், சார்லஸ்டனை அடுத்த ஜேம்ஸ் தீவின் பாஸ்பேட்டுச் சுரங்கங்களிலும் உழைத்தார். அங்கிருந்த கறுப்பின உழைப்பாளிகளை ஒன்றுதிரட்டி, நிலம் பெற்று, ஒரு குடியிருப்பையே உருவாக்கினார், பள்ளியும் அமைத்தார். அவ்வூர் அவர் பெயராலேயே மேரிவில் என வழங்கலாயிற்று. சிறு வயதில் ஜஸ்ட் கடுங்காய்ச்சலுற்றுப் பிழைத்தெழுந்தபோது, அதுவரை கற்றிருந்த படிப்புத் திறன் முழுவதும் மறந்துபோயிற்று. மீண்டும் அகரத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு முறை கற்றதை இழந்து மறுமுறையும் கற்ற அப்பிள்ளைக்குத் தளர்ச்சி என்பது பின்னாளில் எளிதில் அணுகவில்லை.

பதின்மூன்றாம் வயதில் ஆரஞ்ச்பர்க் என்னும் ஊரில், கறுப்பு மாணவர்க்கென இருந்த பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படிப்பு முடித்தால் ஊர்ப் பள்ளி ஆசிரியராகலாம். அதற்கு மேல் வழியில்லை. ஆதலின், அன்னையின் ஊக்கத்தால், பதினாறு வயதில் வடக்கே புறப்பட்டார். 1900ஆம் ஆண்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கிம்பல் யூனியன் கல்விக்கூடத்தில் சேர்ந்து, நான்காண்டுப் படிப்பை மூன்றாண்டில் முடித்தார். அம்மூன்றாண்டுக்குள் அன்னையும் மறைந்தார். தம்மை அனுப்பி வைத்தவர் காண இயலாத வெற்றியோடு அவர் அப்பள்ளியை விட்டு வெளியேறினார்.

உயிரியலின் முதல் வகுப்பு

1903இல் அதே மாநிலத்தின் டார்ட்மத் கல்லூரியில் சேர்ந்தார். கிரேக்கம், ஆங்கிலம் போன்ற இலக்கியப் பாடங்களில் நாட்டம் கொண்டிருந்த அவர், உயிரியலின் தொடக்க வகுப்பு ஒன்றில் பயின்றபோது வாழ்வின் திசையே மாறிற்று. ஒரே ஓர் அணுவாகிய முட்டை எவ்வாறு பிளந்து பிளந்து ஒரு முழு உயிராக வளர்கின்றது என்னும் வினா அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. இறுதிவரை அது அவரை விடவில்லை.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். கல்லூரியில் உயிரியலைக் கைப்பயிற்சியோடு கற்பிக்கும் முறை அன்று மிகப் பழையது அன்று. அதற்கு முன் பேராசிரியர் மேடையில் நின்று உரையாற்றுவார். மாணவர் கேட்டு எழுதிக்கொள்வர். எப்போதேனும் ஒரு மாதிரிப் பொருளைத் தொலைவிலிருந்து காண்பர். 1870களின் தொடக்கத்தில் இலண்டன் சவுத் கென்சிங்டனில் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி இம்முறையை மாற்றினார். பள்ளி ஆசிரியர்களை மேசைமுன் அமரச் செய்து, ஒவ்வொருவர் கையிலும் கருவியையும் உயிர்ப்பொருளையும் கொடுத்து, காலையில் உரையில் கேட்டதைத் தாமே சோதித்துக் காணச் செய்தார். ஹக்ஸ்லி தாமும் இளமையில் ஈராண்டு மட்டுமே பள்ளி சென்றவர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. அவரும் அவர்தம் துணையாசிரியர் மார்ட்டினும் 1875இல் அம்முறைக்கு வழிகாட்டும் நூலை வெளியிட்டனர். மறு ஆண்டே மார்ட்டின் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அம்முறையை அங்கும் கொண்டுசென்றார். ஒரு தலைமுறைக்குள் அது அமெரிக்கக் கல்லூரிகளில் வேரூன்றிற்று. ஜஸ்ட் பயன்பெற்றது அவ்வாறு மலர்ந்த கல்வியே.

டார்ட்மத்தில் பேராசிரியர் வில்லியம் பேட்டன் அவர்தம் திறமையை உணர்ந்து ஊக்குவித்தார். 1907இல் ஜஸ்ட் பட்டம் பெற்றபோது, அவ்வகுப்பில் மிக உயர்ந்த சிறப்புநிலை எய்தியவர் அவர் ஒருவரே. வகுப்பிற்கே முதல்வராயினும், கறுப்பினத்தார் ஒருவர்க்கு வெள்ளையர் கல்லூரி எதிலும் ஆசிரியப் பணி கிடைக்கும் காலம் அன்று. ஆதலின், வாஷிங்டன் நகரில் கறுப்பின மாணவர்க்குப் பெருந்துணையாக விளங்கிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் அவர் கற்பித்தது ஆங்கிலம். சில ஆண்டுகளில் உயிரியலுக்கு மாறி, 1912இல் விலங்கியல் துறைத் தலைவரானார். தம் இறுதி நாள்வரை அப்பொறுப்பு அவருடையதாகவே இருந்தது.

கடற்கரை ஆய்வுக்கூடம்

பேட்டனின் பரிந்துரையால் 1909ஆம் ஆண்டுக் கோடையில், மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரையில் உட்ஸ் ஹோல் என்னுமிடத்திலுள்ள கடல்வாழ் உயிரியல் ஆய்வுக்கூடத்திற்கு ஜஸ்ட் சென்றார். 1888இல் நிறுவப்பெற்ற அக்கூடத்தில் மாணவர்கள் கோடைதோறும் கூடி, கடலிலிருந்து உயிர்களைத் தாமே பிடித்துவந்து பயில்வர். அதன் இயக்குநரும் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியருமான பிராங்க் லில்லி அவருக்கு ஆசானாக அமைந்தார். முதற்கோடையில் முதுகெலும்பற்ற உயிர்கள் பற்றிய வகுப்பு. மறுகோடையில் கருவியல் வகுப்பு. பின்னர் லில்லிக்கு ஆய்வுத் துணைவர். இவ்வாறு ஏறத்தாழ இருபது கோடைகள் அங்குக் கழிந்தன.

நீரிஸ் என்னும் கடற்புழுவே அவர் முதலில் ஆராய்ந்த உயிர்களுள் ஒன்று. கோடையில் முழுநிலாவை ஒட்டித் தொடங்கி அமாவாசையை ஒட்டி முடியும் இரவுகளில் இப்புழுக்கள் கடற்பரப்பின்மேல் வந்து நீந்தும். விளக்கொளியைக் காட்டினால் அதனருகே திரளும். கைவலையால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஆணையும் பெண்ணையும் தனித்தனிக் கிண்ணங்களில் இட்டு, ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்து, விடியும்வரை நுண்ணோக்கியின்முன் அமர்ந்திருத்தல் வேண்டும். இவ்வாறு உழைத்து 1912இல் ஜஸ்ட் வெளியிட்ட முதல் ஆய்வுரை, விந்தணு முட்டையின் எப்பகுதியில் நுழைகின்றதோ, அதுவே முட்டையின் முதற் பிளவு செல்லும் திசையை முடிவு செய்கின்றது என்று காட்டிற்று.

கடல் முள்ளெலியின் முட்டை இன்றும் கருவியல் பயிலும் மாணவர்க்குச் சிறந்த பொருளாகும். பெண் உயிர் உகுத்த முட்டைகளைத் தூய கடல்நீருள்ள கிண்ணத்தில் இட்டு, நீர்த்த விந்தினை ஒரு துளி சேர்த்து நோக்கினால், ஓரிரு நிமிடங்களில் முட்டையின்மேல் மெல்லிய உறை ஒன்று எழுந்து விலகி நிற்கக் காணலாம். கோடை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முட்டை இரண்டாகப் பிளக்கும், பின் நான்காகும், எட்டாகும். நூலில் பத்துப் பக்கம் படித்தாலும் பெறாத தெளிவை இந்த ஒரு மணி நேரம் தருகின்றது.

காண்பது எளிது, நம்பத்தக்கவாறு காண்பதே அரிது. அதிலேதான் ஜஸ்ட் பிறரினும் மேம்பட்டார். முட்டைகள் உயிர்ப்பொருள்கள், சிறிது வெப்பம் மிகினும், நெருக்கமாகக் குவிந்து கிடப்பினும், வேதிப்பொருள் பட்ட கிண்ணத்தில் இடப்படினும் நலம் கெடும். நலம் கெட்ட முட்டையில் எத்துணைச் சோதனை செய்தாலும் கிடைப்பது இயற்கையின் விடையாகாது. நம் கவனக்குறைவின் விடையே ஆகும். ஆதலின் அவர் கண்ணாடிக் கலங்களின் தூய்மையைத் தாமே உறுதி செய்வார். வெப்பநிலையைக் குறித்து வைப்பார். ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில், எவ்வித மாற்றமும் செய்யாத முட்டைகளை ஒப்பீட்டிற்காக வைப்பார். அவ்வொப்பீட்டு முட்டைகள் ஏறத்தாழ முழுமையும் இயல்பாக வளர்ந்தால் மட்டுமே அன்றைய சோதனையை ஏற்பார்; இல்லையேல் தள்ளிவிடுவார். உட்ஸ் ஹோலில் முட்டைகளைக் கையாள்வதில் ஐயம் எழுந்தவர்கள், வெள்ளைப் பேராசிரியர்களாயினும், அவரிடம் வந்து கேட்டறிந்து செல்வது வழக்கமாயிற்று.

அத்தகைய நுட்பத்தாலேயே 1919இல் மற்றொரு கடலுயிரின் முட்டையில் அரிய செய்தி ஒன்றைக் கண்டார். விந்தணு தொட்ட இடத்திலிருந்து, மேலுறை எழுவதற்கும் முன்னரே, ஒரு மாற்றம் அலைபோல் முட்டையின் பரப்பு முழுவதும் பரவுகின்றது. அவ்வலை சென்ற இடத்தில் வேறு விந்தணு நுழைய இயலாது. இதனால் உயிரணுவின் மேற்பரப்பு வெறும் தோல் அன்று, செயலாற்றும் உறுப்பு என்னும் கொள்கை அவர் உள்ளத்தில் உருப்பெற்றது. அந்நாளில் அறிஞர் பலர் அணுவின் நடுவேயுள்ள உட்கருவையே முதன்மையாகக் கருதி வந்தனர். அணுவின் பரப்புக்கு இன்றைய உயிரியல் தரும் மதிப்பு, ஜஸ்டின் நோக்கு தொலைநோக்கு என்பதைக் காட்டுகின்றது.

பதக்கமும் பட்டமும்

1915ஆம் ஆண்டில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட தேசியச் சங்கம் 1914இல் ஏற்படுத்தப்பட்ட ஸ்பிங்கார்ன் பதக்கம் என்னும் விருதினை முதன்முதலாக ஜஸ்டுக்கு வழங்கிற்று. நியூயார்க் நகரில் நடந்த விழாவில் அதனைப் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. முனைவர் பட்டம்கூட அப்போது பெற்றிருக்கவில்லை. மறு ஆண்டு, 1916இல், சிக்காகோ பல்கலைக்கழகம் அப்பட்டத்தை அளித்தது.

இவ்விடத்தில் நம் நெஞ்சம் வேறொருவரை எண்ணாமல் இராது. அதே 1915ஆம் ஆண்டில், அதே நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் பயின்று முதுகலைத் தேர்வில் வெற்றி பெற்றார். பள்ளி நாளில் பிறர் ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்கவும் உரிமையற்றிருந்த ஒருவரும், தனிப் பள்ளிக்கன்றிச் செல்ல உரிமையற்றிருந்த மற்றொருவரும், ஒரே காலத்தில் உழைத்து, உலகம் ஒப்பும் அறிஞராயினர். ஒருவர் சமுதாயத்தின் பரப்பை ஆராய்ந்தார். மற்றவர் உயிரணுவின் பரப்பை ஆராய்ந்தார்.

ஆசிரியர் ஜஸ்ட்

ஹோவர்டில் ஜஸ்டின் வகுப்பறையில் விளைந்த பயனுக்கு ஒரு சான்று ரோஜர் ஆர்லினர் யங் என்னும் பெண்மணி. இசை பயில வந்த அவர், 1921இல் ஜஸ்டிடம் விலங்கியலின் முதல் வகுப்பில் சேர்ந்தார். அவர் பெற்ற மதிப்பெண்கள் சிறந்தவை அல்ல. ஆயினும் அவரிடம் ஆய்வுத் திறன் உள்ளதை ஜஸ்ட் கண்டுகொண்டார். 1923இல் பட்டம் பெற்ற யங், பட்டம் பெற்ற மறு ஆண்டே பரமீசியம் என்னும் ஓரணு உயிரின் கழிவுறுப்புப் பற்றிய ஆய்வைப் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளியிட்டார். பின்னர் 1940இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவரானார். விலங்கியலில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

உண்மையை மறைத்தல் வரலாறாகாது. ஆசானுக்கும் மாணவிக்கும் இடையே பிற்காலத்தில் பிணக்கு நேர்ந்தது. 1936இல் யங் ஹோவர்டை விட்டு விலக நேர்ந்தது. ஆய்வுக்காக ஜஸ்ட் நெடுங்காலம் வெளியூரிலும் வெளிநாட்டிலும் தங்க, துறையின் சுமை பிறர்மேல் விழுந்ததும் உண்டு. பெரியாரும் குறையுடையவரே. ஆனால், மதிப்பெண் குறைந்த ஒரு மாணவியின் கையில் நுண்ணோக்கியைக் கொடுத்து, அவர் எதைக் காண்கிறார் என்று பார்த்தறிந்த ஆசிரியர் அவர் என்பதையும் எவரும் மறுத்தற்கில்லை.

திறவாத கதவுகள்

எழுபதுக்கும் குறையாத ஆய்வுரைகள் எழுதியும், 1930இல் அமெரிக்க விலங்கியலார் கழகத்தின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டும், அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றும் அவருக்குத் தகுந்த பதவி அளிக்க முன்வரவில்லை. ஆய்வில் அவர் துணை நாடியவர்களே, சமுதாய உறவில் அவரை விலக்கினர். நல்கைகளை நம்பியே ஆய்வு நடத்த வேண்டியிருந்தது; அவையும் நிலையாக வரவில்லை.

1929இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலுள்ள கடல்வாழ் உயிரியல் நிலையத்திற்குச் சென்றார். 1930இல் பெர்லினில் புகழ்பெற்ற கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனம் அவரை அழைத்தது. ஐரோப்பாவில் தாம் ஓர் அறிஞராக மட்டுமே மதிக்கப்படுவதை உணர்ந்த அவர், இயன்றபோதெல்லாம் அங்கேயே தங்கிப் பணிபுரிந்தார். ஆனால் 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின், நிறத்தையும் இனத்தையும் கொண்டு மனிதரை அளக்கும் கொடுமை அங்கும் தலைதூக்கிற்று. பின்னாளில் அவர் பிரான்சு நாட்டிற்கு மாறினார்.

1939இல் அவர்தம் வாழ்நாள் உழைப்பின் கனியாக இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றிய அவர் கொள்கையை விளக்குவது. மற்றொன்று கடலுயிர்களின் முட்டைகளைக் கொண்டு சோதனை செய்யும் அடிப்படை முறைகளைக் கூறுவது. தாம் இரவுபகலாகக் கையால் கற்ற ஒவ்வொரு நுட்பத்தையும், எவரும் பயின்றுகொள்ளத் தக்கவாறு அதில் எழுதி வைத்தார். தொழில் மறைபொருளைத் தன்னோடு வைத்துக்கொள்ளாத இப்பண்பே உண்மை ஆசிரியரின் இலக்கணம்.

1940இல் ஜெர்மானியப் படை பிரான்சைக் கைப்பற்றியபோது சிறிது காலம் முகாமில் அடைபட்டார். விடுதலை பெற்றுத் தாயகம் திரும்பியபோது உடல் நலிந்திருந்தது. கணையப் புற்றுநோயால் 1941ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் வாஷிங்டனில் காலமானார். வயது ஐம்பத்தெட்டு. 1996இல் அமெரிக்க அரசு அவர் உருவப்படம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. வாழ்ந்தபோது மறுக்கப்பட்ட மதிப்பு, மறைந்து அரை நூற்றாண்டு கடந்து வந்து சேர்ந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

இளைஞர்களே! இவ்வரலாற்றிலிருந்து நீங்கள் கொள்ள வேண்டியது வியப்பு மட்டுமன்று, பழக்கமும் ஆகும். செய்முறை வகுப்பின் முதல் நாளிலேயே கருவியைத் தொடுங்கள். தெரியாததைக் கேட்க நாணாதீர்கள். அஞ்சி ஒதுங்கிப் பின்வரிசையில் நிற்பதே நாணத்தக்கது. நூலில் உள்ள படத்தை வரையாதீர்கள். கண்ணாடித் தகட்டில் கண்டதை வரையுங்கள். கண்டது நூலோடு மாறுபட்டால் அழித்துத் திருத்தாமல், மீண்டும் ஒரு முறை செய்து பாருங்கள். பிழை உங்களுடையதாயின் கற்றுக்கொள்வீர்கள். அன்றாயின் புதியதொன்றைக் கண்டவராவீர்கள். சோதனை முடிந்தபின் கிண்ணத்தைக் கழுவி வைப்பதை இழிவாக எண்ணாதீர்கள். ஜஸ்டின் பெரும் புகழ் தூய கிண்ணத்திலேதான் தொடங்கிற்று. உடலுழைப்பை இழிவென்று ஒதுக்கிய மரபினர்க்குக் கைப்பயிற்சிக் கல்வி கடினமாகத் தோன்றலாம். உழைத்தே வாழ்ந்த மக்களின் பிள்ளைகளாகிய உங்களுக்கு அது உரிமைச் சொத்து.

சங்க உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். ஜஸ்ட் தனித்து உயரவில்லை. சுரங்கத்தில் உழைத்த தாய், சேர்த்துக்கொண்ட பள்ளி, பரிந்துரைத்த ஆசிரியர், இடமளித்த கடற்கரைக் கூடம் என ஒவ்வொரு படியிலும் ஒரு கதவு திறந்தது. பின்னர்க் கதவுகள் திறவாமையால், அவ்வளவு பெரிய அறிவும் நாடு நாடாக அலைய நேர்ந்தது. திறமை பிறப்போடு வரலாம். நுண்ணோக்கி அவ்வாறு வாராது. நம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்துவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. பள்ளிப் பருவத்திலேயே அவர்கள் ஒரு முறையேனும் நுண்ணோக்கியில் ஒரு துளிக் குளத்துநீரைக் கண்டிருக்கச் செய்தல் வேண்டும். அவ்வொரு துளியைக் கண்ட பிள்ளை, பின்னாளில் ஆய்வுக்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்காது.